விஎஃப்எக்ஸ், அனிமேஷனுக்கு ஸ்கிரிப்ட் எழுதப் பழகும்போது

விஎஃப்எக்ஸ் (திரைக் காட்சி விளைவுகள்) வேலையில் இருப்பவர்கள் நிரல் கற்க உட்காரும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு பொதுவான பைத்தான் பாடத்தில்தான் தொடங்குகிறார்கள். மாறி, லூப், ஃபங்க்‌ஷன் வரை உற்சாகமாகப் போகும். கிளாஸ் வரும் இடத்தில் ஆர்வம் வடியும். அதற்குள் கையில் இருக்கும் ஷாட் நெருக்கும், பாடம் பாதியில் நின்றுவிடும். பைத்தான் கடினம் என்பதால் இப்படி ஆவதில்லை. பாடத்தில் படிப்பதற்கும் தினமும் திறக்கும் சீனுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் காட்டித் தராததால்தான் ஆகிறது.

மாயா, ஹூடினி போன்ற முப்பரிமாண மென்பொருளோ, படங்களை அடுக்கிச் சேர்க்கும் நியூக்கோ, சீனுக்குள் இருப்பவை மூன்றுதான்: நோட் (ஒரு பொருள் அல்லது ஒரு செயல்), அந்த நோட்டின் அட்ரிபியூட் (அதன் பண்பு), ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கனெக்‌ஷன். ஸ்கிரிப்ட் செய்வதெல்லாம் இவற்றைத் தேடுவது, படிப்பது, மாற்றுவது. சீன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவருக்கு மொழியின் இலக்கணம் சீக்கிரம் வசப்படும். அது தெரியாதவருக்கு எத்தனை பாடம் முடித்தாலும் முதல் நிஜ சீனிலேயே கை கட்டிப்போகும். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றித்தான்.

எந்த மொழி என்ற கேள்விக்கு நெடுநேரம் செலவிட வேண்டாம். தினமும் நீங்கள் வேலை செய்யும் மென்பொருளிலேயே தொடங்குங்கள். மாயா, ஹூடினி, நியூக், பிளெண்டர் நான்கிலும் பைத்தான் இருக்கிறது. மாயாவின் மெல் மொழியில் புதிதாக எழுதப் பழக வேண்டியதில்லை, ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். பழைய ரிக்குகளிலும் (கேரக்டரை அசைக்கும் கட்டமைப்புகள்) ஷெல்ஃப் பட்டன்களிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹூடினியில் பைத்தானோடு அதன் சொந்த மொழியான வெக்ஸும் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இவற்றோடு சேராது. அதன் ஸ்கிரிப்ட் மொழி எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட், அதாவது மிகப் பழைய ஜாவாஸ்கிரிப்ட். இணையத்தில் இன்று காணும் புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துமுறையில் பாதி அதில் ஓடாது. அம்புக்குறி போட்ட ஃபங்க்‌ஷன் கிடையாது. லேயர் எண்ணிக்கை 1-இல் தொடங்கும், அதே ஸ்கிரிப்ட்டில் நீங்கள் உருவாக்கும் அரே 0-வில் தொடங்கும். இந்த ஒரு வித்தியாசத்தில் விழும் பிழைகள் ஏராளம். சி++ பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். டிஃபார்மர், ரெண்டர் பிளகின் என்று பைத்தானின் வேகம் போதாத இடம் வரும்போது அதுவே கூப்பிடும்.

மென்பொருள் சொல்வதைக் கேளுங்கள்

சீனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மிக நல்ல ஆசிரியர் அந்த மென்பொருள்தான். மாயாவில் ஸ்கிரிப்ட் எடிட்டரைத் திறந்து, ஹிஸ்டரி மெனுவில் 'எக்கோ ஆல் கமாண்ட்ஸ்' என்பதை இயக்கிவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் எந்தக் கட்டளையாக மாறுகிறது என்று அங்கே ஓடும். பிளெண்டரில் இன்ஃபோ எடிட்டர் இதே வேலையைச் செய்யும். அதோடு பிரிஃபரன்ஸில் பைத்தான் டூல்டிப்பை இயக்கினால், எந்தப் பெட்டி மேல் மவுஸை வைத்தாலும் அதன் பைத்தான் பாதை தெரியும். ஹூடினியில் ஒரு நோட்டை இழுத்துப் பைத்தான் ஷெல்லில் போட்டால் அதைக் குறிப்பிடும் வரி எழுதப்பட்டு நிற்கும். நியூக்கில் இன்னும் எளிது. சில நோட்களைத் தேர்ந்து காப்பி செய்து, ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் பேஸ்ட் செய்யுங்கள். நோட்டின் வகை, மாற்றப்பட்ட நாப்கள் (நியூக்கில் அட்ரிபியூட்டின் பெயர்), அவற்றின் மதிப்புகள் எல்லாம் எழுத்தாகவே வந்து விழும்.

மாயாவில் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு பயிற்சி: ஒரு கியூப், ஒரு லோகேட்டர் (இடத்தைக் குறிக்கும் வெற்றுப் பொருள்), நடுவில் ஒன்றை இன்னொன்றோடு கட்டும் ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் மட்டும் உள்ள சீனை 'மாயா ஆஸ்கி' வடிவத்தில் சேமித்து, அந்தக் கோப்பை எழுத்தாகத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். நோட் உருவாக்குவது, அட்ரிபியூட்டுக்கு மதிப்புக் கொடுப்பது, இணைப்பது என்ற மூன்று வகைக் கட்டளைகளே திரும்பத் திரும்ப வரும். கியூப் என்று திரையில் பார்ப்பது டிரான்ஸ்ஃபார்ம் நோட், ஷேப் நோட் என இரண்டாகப் பிரிந்திருப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மெட்டீரியல் ஏன் ஷேப்பில் ஒட்டுகிறது, பொசிஷன் ஏன் டிரான்ஸ்ஃபார்மில் இருக்கிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகு எழாது.

எக்கோவில் வந்ததை அப்படியே எடுத்து ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டனை அழுத்தும்போது வரும் கட்டளைகள் அந்த நேரத்தில் எது தேர்வாகியிருந்தது, எந்த ஜன்னல் திறந்திருந்தது என்பதை நம்பியே எழுதப்பட்டவை. ஸ்கிரிப்ட்டில் தேர்வை நம்பாதீர்கள். நோட்டின் பெயரை மாறியில் வைத்து நேரடியாகக் கொடுங்கள். பிளெண்டரில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். 'ஆப்ஸ்' என்ற பிரிவில் உள்ளவை பட்டனின் பிரதிகள். சூழல் பொருந்தாவிட்டால் 'கான்டெக்ஸ்ட் தவறு' என்று மறுத்துவிடும், நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு லூப்பில் ஓட்டினால் மெதுவாகும். 'டேட்டா' பிரிவு வழியாகப் பொருளை நேரடியாகத் தொட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. நியூக்கிலும் இதே சிக்கல் உண்டு. 'கிரியேட்நோட்' கட்டளை தேர்வில் இருக்கும் நோட்டுடன் தானாக இணைந்துகொள்ளும், பேனலையும் திறக்கும். 'நியூக் நோட்ஸ்' வழியாக உருவாக்கினால் தனியாக, அமைதியாக உருவாகும். டூல் எழுதும்போது நமக்கு வேண்டியது இரண்டாவது.

முதல் ஸ்கிரிப்ட்: விடுபட்ட ஃப்ரேம்களைத் தேடுவது

தொடங்குபவர்களுக்கு நாங்கள் எப்போதும் பரிந்துரைப்பது ரெண்டர் சீக்வென்ஸைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட். அதற்கு மாயா வேண்டாம், நியூக் வேண்டாம், வெறும் பைத்தான் போதும். எதையும் மாற்றாது, படிக்க மட்டும் செய்யும். ஆகவே யாருடைய வேலையும் கெடாது. எழுதி முடித்த அன்றே பயன்படும்.

படிகள் இவை. ஃபோல்டரில் உள்ள கோப்புப் பெயர்களை எடுங்கள். ஒவ்வொரு பெயரையும் தலைப்பகுதி, ஃப்ரேம் எண், எக்ஸ்டென்ஷன் எனப் பிரியுங்கள். பெயரில் வெர்ஷன் எண்ணும் இருக்கும் என்பதால், முதலில் கண்ணில் படும் எண்ணை எடுக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷனுக்கு முந்தைய புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்களை எடுக்க வேண்டும். கிடைத்த எண்களை ஒரு 'செட்'டில் போடுங்கள். இருக்க வேண்டிய ஃப்ரேம்களை இன்னொரு செட்டாக உருவாக்குங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மீதி நிற்பவையே விடுபட்டவை.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழும் கல் இருக்கிறது. பைத்தானின் 'ரேஞ்ச்' கடைசி எண்ணைச் சேர்க்காது. ஷாட் 1001 முதல் 1100 வரை என்றால் அது 100 ஃப்ரேம். ரேஞ்சுக்கு 1001, 1100 என்று கொடுத்தால் 99 எண்களே வரும், கடைசி ஃப்ரேம் இல்லாவிட்டாலும் 'எல்லாம் சரி' என்று ஸ்கிரிப்ட் சொல்லும். 1101 என்று கொடுக்க வேண்டும். இதே ஒன்று கூட்டும் கணக்கு ஷாட் நீளத்திலும் வரும்: கடைசி கழித்தல் முதல், கூட்டல் 1.

அடுத்தது வரிசை. பூஜ்யம் நிரப்பாத எண்களைப் பெயராக வரிசைப்படுத்தினால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். கணினி அங்கே எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது. எண்ணாக மாற்றிவிட்டே வரிசைப்படுத்துங்கள். முன்னால் பூஜ்யம் நிரப்பி நான்கு இலக்கமாக்கும் 'பேடிங்' என்ற வழக்கமும், ஷாட்டை 1001-இல் தொடங்கும் வழக்கமும் இந்தத் தொல்லையைத் தவிர்க்க உதவுகின்றன. 1001-இல் தொடங்கினால் முன்னால் ஹேண்டில் (கூடுதலாக வைத்துக்கொள்ளும்) ஃப்ரேம் சேர்த்தாலும் எதிர்மறை எண் வராது, இலக்க எண்ணிக்கையும் பெரும்பாலும் நான்காகவே இருக்கும்.

கோப்பு இருக்கிறது என்பதாலேயே ஃப்ரேம் நல்லது என்று ஆகிவிடாது. ரெண்டர் நடுவில் நின்றுபோனால் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே பாதிதான் இருக்கும். 0 பைட் உள்ளதை உடனே தவறு எனக் குறிக்கலாம். மற்றவற்றுக்கு, சீக்வென்ஸின் நடுமதிப்பு அளவை எடுத்து அதில் பாதிக்கும் குறைவானவற்றைச் 'சந்தேகம்' என்று மட்டும் காட்டுங்கள். இஎக்ஸ்ஆர் படக் கோப்புகள் பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. கருப்பாக மங்கும் ஃப்ரேம்கள் இயல்பாகவே சிறிதாக இருக்கும், ஆகவே சிறியதெல்லாம் உடைந்தது என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

இந்தச் சின்ன ஸ்கிரிப்ட்டில் ஸ்ட்ரிங், செட், லூப், ஃபங்க்‌ஷன், கோப்பு அமைப்பு எல்லாம் வந்துவிடும். பாடப் புத்தகத்தில் தனித்தனியாகப் படித்தவை ஒரே வேலைக்காக ஒன்றுசேர்வது இங்கேதான்.

மாயாவுக்குள் போனதும் காத்திருப்பவை

இரண்டாவது ஸ்கிரிப்ட்டாகப் பலர் எடுப்பது பெயர் மாற்றும் டூல். பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் மாயாவின் அடிப்படைகள் பாதியை அது ஒன்றே கற்றுக்கொடுத்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு நோட்கள் வேறு வேறு குரூப்புக்குள் இருக்கலாம். அப்போது குட்டிப் பெயரைக் கொடுத்தால் 'இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன' என்று மாயா நின்றுவிடும். எப்போதும் முழுப் பாதையைக் கேட்டு வாங்குங்கள், பட்டியல் எடுக்கும் கட்டளையில் 'லாங்' என்ற ஃபிளாகை இயக்கினால் போதும். முழுப் பாதை வாங்கியதும் அடுத்த சிக்கல் எழும். மேலே உள்ள குரூப்பின் பெயரை முதலில் மாற்றினால், அதற்குக் கீழே உள்ளவற்றின் பாதை எல்லாம் பழையதாகிவிடும், அடுத்த சுற்றில் 'அப்படி ஒரு நோட் இல்லை' என்று வரும். பாதையின் ஆழத்தை வைத்து வரிசைப்படுத்தி, கீழிருந்து மேலாகப் பெயர் மாற்றினால் இது தீரும். இன்னொரு வழி யுயுஐடி, அதாவது ஒவ்வொரு நோட்டுக்கும் உள்ள தனி அடையாள எண். அது பெயர் மாறினாலும் மாறாது.

அடுத்தது வெற்று விடை. சீனில் தேடும் 'எல்எஸ்' கட்டளை எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் தரும். ஆனால் குழந்தை நோட்களைக் கேட்கும் 'லிஸ்ட்ரிலேட்டிவ்ஸ்', இணைப்புகளைக் கேட்கும் 'லிஸ்ட்கனெக்‌ஷன்ஸ்' இரண்டும் எதுவும் இல்லையென்றால் 'நன்' (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்பதைத் தரும். அதன்மேல் லூப் ஓட்டினால் ஸ்கிரிப்ட் விழும். உங்கள் சோதனை சீனில் எல்லா குரூப்புக்கும் குழந்தைகள் இருந்திருக்கும், நன்றாக ஓடியிருக்கும். இன்னொருவர் சீனில் ஒரு காலி குரூப் இருந்தால் அங்கே நிற்கும். இந்தக் கட்டளைகளை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் 'அல்லது காலிப் பட்டியல்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுவது நல்ல பழக்கம்.

ரெஃபரன்ஸாக, அதாவது வேறு கோப்பிலிருந்து இணைக்கப்பட்டு, வந்த நோட்டின் பெயரை மாற்ற முடியாது, அழிக்கவும் முடியாது. அது ரெஃபரன்ஸா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒதுக்குங்கள். பூட்டிய அட்ரிபியூட்டுக்கும், கீஃப்ரேம் தவிர வேறொன்றிலிருந்து இணைப்பு வரும் அட்ரிபியூட்டுக்கும் மதிப்புக் கொடுக்க முடியாது. 'செட்டபிள்' என்ற ஃபிளாகைக் கொண்டு அதையும் முன்பே சோதிக்கலாம். அனிமேஷன் சீனில் கேரக்டர்கள் எல்லாம் ரெஃபரன்ஸாகவும் நேம்ஸ்பேஸோடும் (பெயருக்கு முன் ஒட்டும் அடைமொழி) வரும் என்பதால், தனி ரிக் கோப்பில் ஓடிய ஸ்கிரிப்ட் ஷாட்டில் ஓடாமல் போவதற்கு முதல் காரணம் இதுவே. டூலை எப்போதும் ஒரு உண்மையான ஷாட் கோப்பின் பிரதியில் சோதியுங்கள்.

அன்டூவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 300 கன்ட்ரோல்களை மாற்றும் ஸ்கிரிப்ட் 300 அன்டூ படிகளை உருவாக்கும். அனிமேட்டர் ஒருமுறை கன்ட்ரோல் இசட் அடித்தால் ஒரே ஒரு கன்ட்ரோல்தான் திரும்பும். அதற்காக எல்லாப் படிகளையும் ஒன்றாகக் கட்டும் 'அன்டூ சங்க்' திறந்து, வேலை முடிந்ததும் மூடுகிறோம். திறந்த பிறகு நடுவில் எரர் வந்து மூடாமல் விட்டால், அதன் பின் அனிமேட்டர் செய்யும் எல்லாமே அதே சங்க்குக்குள் போய்ச் சேரும். பிறகு அவர் அடிக்கும் ஒரே அன்டூவில் வெகுநேர வேலை காணாமல் போகலாம். ஆகவே மூடும் வரி 'டிரை–ஃபைனலி'யின் ஃபைனலி பகுதியில்தான் இருக்க வேண்டும், வேறு எங்கும் வேண்டாம். திரை புதுப்பிப்பை நிறுத்தி வைக்கும் 'ரெஃப்ரெஷ் சஸ்பெண்ட்' கட்டளைக்கும் இதே விதி. அதைத் திருப்பி இயக்க மறந்தால் வியூபோர்ட் உறைந்து நிற்கும், பயனர் மாயா செத்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்.

வேகம் குறைந்தால் உடனே மொழியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு மெஷ்ஷின் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கமாண்ட் வழியாகக் கேட்டால் லட்சம் கேள்வி கேட்கிறீர்கள். மாயாவின் உள்ளமைப்பை நேரடியாகத் தொடும் ஓபன்மாயா ஏபிஐ வழியாக ஒரே கேள்வியில் எல்லாப் புள்ளிகளையும் வாங்கலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஏபிஐ வழியாக நேரடியாக மாற்றியவை அன்டூவில் சேராது, அதற்குத் தனியாகக் கட்டளை பிளகின் எழுத வேண்டும். இன்னொன்று, ஏபிஐ எப்போதும் சென்டிமீட்டரிலும் ரேடியனிலும் பேசும். கமாண்ட்கள் பயனர் தேர்ந்த அலகில் பேசும். இரண்டையும் கலந்து எழுதும்போது கோணம் விபரீதமாகத் திரும்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கணிதம் எவ்வளவு வேண்டும்

பயப்படும் அளவுக்கு இல்லை. வெக்டர் கழித்தல் (ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் திசை), நீளம், நார்மலைஸ், டாட் (ஒன்றை ஒன்று எவ்வளவு நோக்குகிறது), கிராஸ் (இரண்டுக்கும் செங்குத்து). இவற்றோடு ஒரு எல்லையிலிருந்து இன்னொரு எல்லைக்கு மதிப்பை மாற்றும் கணக்கு. ஃப்ரேம் 1025, எல்லை 1001 முதல் 1049 வரை என்றால்: 1025-இலிருந்து 1001-ஐக் கழித்தால் 24, மொத்த இடைவெளி 48, விடை 0.5. இந்த 0–1 எண் கையில் இருந்தால் நிறம், அளவு, ஒப்பாசிட்டி எதையும் ஓட்டலாம். ஒரே ஃப்ரேம் உள்ள ஷாட்டில் இடைவெளி பூஜ்யமாகி வகுத்தல் உடையும், அதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஹூடினியின் 'ஃபிட்' எல்லைக்கு வெளியே போன மதிப்பை எல்லையிலேயே நிறுத்திவிடும், 'இஃபிட்' நிறுத்தாது.

மேட்ரிக்ஸ் கொஞ்சம் நேரம் கேட்கும். உலக இடத்தைக் கணக்கிட மாயாவிலும் ஹூடினியிலும் குழந்தையின் மேட்ரிக்ஸை முதலில் எழுதி அதைப் பெற்றோரின் மேட்ரிக்ஸால் பெருக்குகிறோம். பிளெண்டரில் பெற்றோர் முதலில் வரும். மாயாவில் 16 எண்களில் கடைசி வரிசையில் இருக்கும் இடப்பெயர்ச்சி பிளெண்டரில் கடைசிப் பத்தியில் இருக்கும். ஒரு மென்பொருளுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு எடுத்துப் போகும்போது பொருள் வானத்தில் பறந்தால் இந்த வரிசையைப் பாருங்கள். மேல்நோக்கும் அச்சும் மாறும்: மாயா, ஹூடினியில் ஒய், பிளெண்டர், அன்ரியலில் இசட். அலகும் மாறும்: மாயாவும் அன்ரியலும் சென்டிமீட்டர், ஹூடினியும் பிளெண்டரும் மீட்டர். பொருள் சரியாக 100 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சுழற்சியை மூன்று எண்களாக மட்டும் எடுத்துச் செல்லக் கூடாது. ரொட்டேட் ஆர்டர் வேறாக இருந்தால் அதே மூன்று எண்கள் வேறு நிலையைக் காட்டும். ஒரு கன்ட்ரோலிலிருந்து இன்னொன்றுக்குப் போஸைப் பிரதி எடுக்கும் டூல் எழுதுபவர்கள் மேட்ரிக்ஸாகவே எடுத்து, சேரும் இடத்தின் ஆர்டருக்கு ஏற்ப மீண்டும் பிரிக்க வேண்டும்.

வெக்ஸ் எழுதும்போது எண்ணம் மாற வேண்டும்

பைத்தானிலிருந்து வெக்ஸுக்கு வருபவர்கள் எல்லாப் புள்ளிகள் மேலும் லூப் எழுதத் தொடங்குவார்கள். ரேங்கிளுக்குள் (வெக்ஸ் எழுதும் நோட்) லூப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதுவது ஒரே ஒரு புள்ளிக்கான சட்டம், ஹூடினி அதை எல்லாப் புள்ளிகளுக்கும் இணையாக ஓட்டுகிறது. பள்ளியில் எல்லா மாணவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, பக்கத்துப் பையன் தாளைப் பார்க்கக் கூடாது என்று சொல்வதுபோல. ஒரு புள்ளி இப்போது எழுதியதை இன்னொரு புள்ளி அதே ரேங்கிளில் பார்க்க முடியாது. பழைய மதிப்பே தெரியும். புதிய மதிப்பு வேண்டுமென்றால் அடுத்த ரேங்கிள் வைக்க வேண்டும்.

ஒரு லட்சம் புள்ளி உள்ள இடத்தில், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பார்க்குமாறு உள்ளே லூப் எழுதினால் அது ஆயிரம் கோடி ஒப்பீடு. அருகில் உள்ளவை மட்டும் போதும் என்றால் 'நியர்பாயிண்ட்ஸ்' போன்றவற்றில் ஆரமும் உச்ச எண்ணிக்கையும் கொடுத்து வாங்குங்கள்.

புள்ளி எண்ணை மொத்தப் புள்ளிகளால் வகுத்து நிறம் கொடுக்கப் பார்க்கும்போது எல்லாம் கருப்பாகவே வரும். இரண்டுமே முழு எண் என்பதால் விடையும் முழு எண், அதாவது 0. ஒன்றையாவது ஃப்ளோட்டாக மாற்ற வேண்டும். பைத்தான் 2-லிருந்து 3-க்கு வந்த பழைய கோடுகளில் (நிரல்களில்) இதன் மறுபக்கம் வரும்: அங்கே 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 வந்தது, இப்போது 2.5 வரும், அதைப் பட்டியல் எண்ணாகக் கொடுத்தால் எரர்.

பார்ட்டிக்கிளில் சீரற்ற நிறமோ அளவோ கொடுக்கப் புள்ளி எண்ணை விதையாக (சீரற்ற எண்ணை உருவாக்கும் தொடக்க எண்) எடுத்தால், முதல் ஃப்ரேமில் அழகாக இருக்கும், ஓட்டினால் மினுக்கும். துகள்கள் சாகும்போது பின்னால் உள்ளவற்றின் எண் நகர்ந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு விதை. துகளோடு பிறந்து துகளோடே போகும் 'ஐடி' அட்ரிபியூட்டை விதையாக வையுங்கள். புதிய அட்ரிபியூட் உருவாக்கும்போது அதன் வகையையும் முன்னால் எழுதுங்கள். ஹூடினிக்கு முன்பே தெரிந்த பெயராக இல்லாவிட்டால் அதை ஃப்ளோட் என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் வெக்டரில் முதல் பகுதி மட்டும் மிஞ்சும்.

பட்டன் வைத்த பிறகு

லூப்பில் பத்து பட்டன் உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்க்‌ஷன்) கொடுத்தால், எதை அழுத்தினாலும் பத்தாவதன் வேலையே நடக்கும். லாம்டா மாறியின் பெயரைத்தான் நினைவில் வைக்கிறது, அழுத்தும் நேரத்தில் அதில் கடைசி மதிப்பு இருக்கிறது. 'பார்ஷியல்' கொண்டு மதிப்பை அப்போதே கட்டிவிடுங்கள். கியூடி என்ற தொகுப்பில் கட்டிய ஜன்னல் தோன்றி மறைந்தால் அதற்குப் பெற்றோர் கொடுக்கப்படவில்லை, மாறியும் எங்கும் பிடித்து வைக்கப்படவில்லை என்று பொருள். மாயாவின் முக்கிய ஜன்னலைப் பெற்றோராகக் கொடுங்கள். தனி திரெட்டில் (பின்னணியில் இணையாக) ஓடும் கோடிலிருந்து மாயா சீனைத் தொடாதீர்கள், எப்போதாவது ஒருமுறை மட்டும் கிராஷ் ஆகும் வகைப் பிழை அங்கேதான் பிறக்கும். வேலையை முக்கிய திரெட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஃபங்க்‌ஷன்கள் மாயாவிலும் நியூக்கிலும் இருக்கின்றன.

இங்கே ஒரு பழக்கம் மிகவும் பயன் தரும். சீனைத் தொடும் வரிகளை ஒரு கோப்பிலும், வெறும் கணக்கு, பெயர்ப் பிரிப்பு, ஃப்ரேம் எல்லை போன்றவற்றை இன்னொரு கோப்பிலும் எழுதுங்கள். இரண்டாவது கோப்பு எந்த மென்பொருளும் இல்லாமல் ஓடும், ஆகவே மாயாவைத் திறக்காமலே சோதிக்கலாம். நாளை அதே டூல் பிளெண்டருக்கு வேண்டுமென்றால் பாதி வேலை முடிந்திருக்கும்.

உங்கள் கணினியில் ஓடியது பக்கத்துக் கணினியில் ஓடவில்லை

பெரும்பாலும் பதிப்புதான் காரணம். விஎஃப்எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற பொதுப் பட்டியல், எந்த ஆண்டு மென்பொருள்கள் எந்தப் பைத்தான், எந்தக் கியூடி பதிப்பில் இருக்க வேண்டும் என்று வகுக்கிறது. 2020-க்கான பட்டியலில்தான் பைத்தான் 3.7 வந்தது. மாயா 2022 பைத்தான் 3-ஐ இயல்பாக எடுத்துக்கொண்டது, மாயா 2023-இல் பைத்தான் 2 முற்றிலும் போய்விட்டது. மாயா 2025-இல், கியூடியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைடு 2 போய்ப் பைசைடு 6 வந்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் கோடில் பிரிண்டுக்குப் பின் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2 காலத்தது. ஏஐயிடம் கேட்டு வாங்கும் கோடிலும் இந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று கலந்து வரும், இல்லாத ஃபிளாகுகளும் வரும். ஒவ்வொரு கட்டளையையும் உங்கள் பதிப்பின் ஆவணத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'நம்பை' என்ற கணிதத் தொகுப்பு போன்ற கம்பைல் செய்யப்பட்ட தொகுப்புகள் பைத்தான் 3.9-க்கு நிறுவியது 3.11-இல் ஏறாது, ஒவ்வொரு மென்பொருளின் பைத்தானுக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டும்.

உங்கள் கோப்புக்கு 'ரேண்டம்', 'மேத்', 'ஸ்ட்ரிங்' என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தானின் சொந்த மாட்யூலுக்குப் பதில் உங்களுடையது ஏறக்கூடும், சம்பந்தமே இல்லாத வேறு டூல்கள் உடையும். விண்டோஸ் பாதைகளில் சாய்கோடு எப்போதும் முன்சாய்வாகவே இருக்கட்டும். பின்சாய்வுக் கோட்டுக்குப் பைத்தானிலும் நியூக்கின் டிக்கிளிலும் வேறு பொருள் உண்டு, ஃபோல்டர் பெயர் 'என்' எழுத்தில் தொடங்கினால் பாதையின் நடுவில் புதிய வரி விழுந்துவிடும்.

பல கணினிகள் சேர்ந்து ரெண்டர் செய்யும் ஃபார்மில் திரை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். நியூக்கில் 'மெனு' கோப்பு ஜன்னலோடு திறக்கும்போது மட்டுமே ஓடும், 'இனிட்' கோப்பு இரண்டு நிலையிலும் ஓடும். கிஸ்மோ (பல நோட்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு நோட்) இருக்கும் பாதையை மெனு கோப்பில் எழுதினால் உங்கள் மேசையில் எல்லாம் சரியாக இருக்கும், ஃபார்மில் நோட் தெரியவில்லை என்று விழும். ஜன்னல் இல்லாமல் மாயாவை ஓட்டும் மாயாபையில் முதலில் ஸ்டாண்ட்அலோனை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எஃப்பிஎக்ஸ், அலெம்பிக் பிளகின்களையும் நீங்களே ஏற்ற வேண்டும். யூசர்செட்டப் கோப்பில் நீங்கள் எழுதும் எதுவும் எரர் ஆனால் அதற்குப் பின் உள்ள வரிகள் ஓடாது, ஆகவே அங்கே குறைவாக எழுதி, மீதியை வேறு மாட்யூலில் வையுங்கள். வெளியே எழுதும் கோப்புகளைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றினால், பாதியில் செத்த வேலை நல்ல கோப்பாகத் தோற்றம் தராது.

எழுதும் நிரலை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' அமைப்பில் வைப்பது தொடக்கத்திலிருந்தே பழக வேண்டியது. சீன் கோப்புகளை அதில் போடாதீர்கள், அது எழுத்துக் கோப்புகளுக்கான இடம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மென்பொருள்களுக்கிடையே சீனைப் பரிமாறும் வடிவமான யூஎஸ்டி பக்கம் போங்கள். பிக்சார் 2016-இல் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது, பைத்தானிலேயே முழுதும் கையாளலாம். அதன் எழுத்து வடிவக் கோப்பை, மாயா ஆஸ்கியைப் படித்ததுபோலவே திறந்து படிக்கலாம். ஒரே பொருளைப் பற்றி இரண்டு லேயர்கள் வேறு வேறு மதிப்புச் சொன்னால் எது வெல்லும் என்ற விதியை முதலில் படியுங்கள். மதிப்பு எழுதினேன், ஆனால் மாறவில்லை என்ற குழப்பம் அநேகமாக அதில்தான் அவிழும்.

டூலை முதல்முறை இன்னொருவரிடம் கொடுக்கும்போது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதைத் தேர்ந்துவிட்டு பட்டனை அழுத்துகிறார், எதுவும் தேர்வு செய்யாமலே அழுத்துகிறாரா, ஒரே பட்டனை இரண்டு முறை அழுத்துகிறாரா என்று கவனித்து, அவற்றுக்கெல்லாம் கோடில் பதில் எழுதுங்கள். ட்ரேஸ்பேக்கை (எரர் எந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) லாக் கோப்பில் முழுதாக எழுதி வையுங்கள், உங்களுக்கு வேண்டியது அதுவே, அதன் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். பயனருக்குத் திரையில் காட்ட வேண்டியது அவர் உடனே செயல்படக்கூடிய ஒரே வாக்கியம்: '12 ஃப்ரேம் இல்லை, 1043 முதல் 1054 வரை. அவற்றை மட்டும் மீண்டும் ஃபார்முக்கு அனுப்பவா?'